பழைய திங்க்பேடுக்கு 1,800 ரூபாய் டாக்

லெனோவோ திங்க்பேட் மினி டாக் பிளஸ் சீரிஸ் 3. மடிக்கணினியை ஒரே இணைப்பில் திரைகள், விசைப்பலகை, நெட்வொர்க் எல்லாவற்றோடும் சேர்க்கும் பெட்டிதான் டாக். கடையில் இதன் பெயரை இப்படி முழுதாகச் சொல்லிக் கேட்க வேண்டும். "திங்க்பேட் டாக் இருக்கிறதா?" என்று மட்டும் சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் கேட்டால் நான்கைந்து தலைமுறைப் பெட்டிகள் மேசைமேல் வந்து விழும். எல்லாம் கறுப்பு, எல்லாவற்றிலும் அதே எழுத்து. உங்கள் கணினி உட்காருவது அவற்றில் ஒன்றில்தான். அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 4338 என்ற எண் இருந்தால் அதுதான் நான் சொல்லும் டாக். 4337 அதைவிடச் சிறியது. திரை மாட்டும் துளைகளில் ஒரு டிவிஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு விஜிஏ தரும். 4336-இல் படத்துக்கு விஜிஏ மட்டும்தான். இரண்டு நல்ல திரைகள் வேண்டுமென்றால் 4338-ஐத் தவிர மற்றதைத் தொடாதீர்கள்.

எனக்கு இரண்டு திரைகள் வேண்டும். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒரு திரையில் ஆசிரியரின் மூலப்படி, மறு திரையில் வடிவமைத்த பக்கம் என்று இருந்தால்தான் ஒற்று விட்ட இடமும் வரி விழுந்த இடமும் கண்ணில் படும். கணினி திங்க்பேட் டி430. 2012-இல் வந்த மாடல்; கோர் ஐ5-3320எம் செயலி, 16 ஜிபி நினைவகம், பழைய வன்தட்டுக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி, விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். தமிழ் எழுத்துகளோடு 600 பக்கப் பிடிஎஃப் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லிப்ரே ஆபிஸும் ஓட்டுகிறேன், முனகாமல் ஓடுகிறது. புதிதாக ஒன்று வாங்கச் சொல்லும் தம்பியிடம் இந்த விசைப்பலகையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அதற்குப் பிறகு அவன் பேசுவதில்லை.

இந்த வயதுக் கணினிகளுக்கு இப்போது திடீரென்று கிராக்கி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைச் செயலிகளைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அலுவலகங்கள் கழித்துக் கட்டியவை மலிவாக வருகின்றன. வாங்குகிறவர்கள் லினக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு மேசையில் ஒயர்களைச் செருகிச் செருகிப் பிடுங்குவது சலித்துப்போய் டாக் தேடத் தொடங்குகிறார்கள். தேடினால் கண்ணில் படுவதெல்லாம் 'பன்னிரண்டு போர்ட், மூன்று திரை, எல்லாக் கணினிக்கும் பொருந்தும்' என்ற விளம்பரங்கள்.

அந்த விளம்பரங்களில் சொல்லாமல் விடும் ஒன்றைத்தான் லினக்ஸ்காரர் முதலில் கேட்க வேண்டும்: திரையில் தெரியும் படத்தை வரைவது யார்? கணினியின் சொந்தக் கிராபிக்ஸ் சில்லா, அல்லது டாக்குக்குள் இருக்கும் வேறொரு சில்லா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி டாக்குகள் பட்டியலிலிருந்து தாமாக விழுந்துவிடும்.

டி430-ஐத் திருப்பிப் பாருங்கள். அடியில் நீளவாக்கில் ஓர் இணைப்பி இருக்கிறது. மினி டாக் அந்த இணைப்பியில்தான் உட்காருகிறது. கணினியின் இன்டெல் சில்லிலிருந்து புறப்படும் டிஸ்ப்ளேபோர்ட், டிவிஐ, விஜிஏ சமிக்ஞைகள் அந்த இணைப்பி வழியே நேராக இறங்கி டாக்கின் பின்புறத் துளைகளுக்குப் போகின்றன. டாக் எதையும் வரைவதில்லை. ஒயரைக் கொஞ்சம் நீட்டித் தருகிறது, அவ்வளவுதான். அதனால் லினக்ஸுக்கு அங்கே புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் இன்டெல் டிரைவரே போதும். டெபியனில் நான் ஒரு மென்பொருள் பொட்டலம்கூட நிறுவவில்லை. கணினியை வைத்து அழுத்தினேன், 'டக்' என்றது, இரண்டு திரைகளும் விழித்துக்கொண்டன.

இன்னொரு வகை, சாதாரண யூஎஸ்பி துளையில் செருகி இரண்டு திரைகள் தரும் டாக். கடைகளில் புதிதாகப் பெட்டி பிரிக்காமல் கிடைப்பவற்றில் பழைய கணினிக்குப் பொருந்துவது பெரும்பாலும் இந்த வகைதான். அதற்குள் இருப்பது பெரும்பாலும் டிஸ்ப்ளேலிங்க் சில்லு. அது வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் ஏன் தயங்குகிறேன் என்பது விளங்கும். திரையில் வர வேண்டிய படத்தைக் கணினியின் செயலி ஒவ்வொரு முறையும் சுருக்கி, யூஎஸ்பி வழியே தரவாக அனுப்பும். டாக்கில் உள்ள சில்லு அதை விரித்துத் திரைக்குக் கொடுக்கும். இதற்கு லினக்ஸில் இரண்டு துண்டு மென்பொருள் வேண்டும். ஒன்று ஈவிடிஐ என்ற கெர்னல் கூறு. இது திறந்த மூலம். மற்றது டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர். இது மூடிய நிரல். நிறுவனம் 2015-இல் உபுண்டுவுக்கு இதை வெளியிட்டது; 2020-இல் அந்த நிறுவனத்தையே சினாப்டிக்ஸ் வாங்கிவிட்டது. டிரைவர் இன்றும் வெளிவருகிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஈவிடிஐ கெர்னலுக்கு வெளியே வளர்கிற கூறு. ஒவ்வொரு கெர்னல் மாற்றத்தின்போதும் அதை மறுபடி கம்பைல் செய்து தொகுத்தாக வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அந்த வேலையைத் தானே செய்யும். ஆனாலும் கெர்னல் புதியதாகவும் கூறு பழையதாகவும் இருந்தால் தொகுப்பு நின்றுவிடும். கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் கூறுக்குக் கையொப்பமும் இட வேண்டும். டெபியன் நிலைப் பதிப்பில் கெர்னல் நிதானமாக மாறுவதால் தொல்லை குறைவு. கெர்னலை அடிக்கடி மாற்றும் ஃபெடோராவோ ஆர்ச்சோ வைத்திருப்பவர்கள் அடிக்கடி இந்த வாசலில் நிற்க நேரிடும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படும் வேறொன்று உண்டு. என் எஸ்எஸ்டி முழுவதும் லக்ஸ் என்ற வட்டுக் குறியாக்கத்தில் இருக்கிறது. கணினி எழும்போதே கடவுச்சொல் கேட்கும். மினி டாக்கில் அந்தக் கேள்வி வெளித்திரையிலேயே வருகிறது; இயங்குதளம் எழுவதற்கு முன் வரும் பயாஸும் கிரப் பட்டியலும்கூட அங்கேயே தெரிகின்றன. டாக்கிலேயே மின்பொத்தான் இருப்பதால் மூடியைத் திறக்காமலே காலையில் வேலையைத் தொடங்கலாம். டிஸ்ப்ளேலிங்க் டாக்கில் இது நடக்காது. அதன் மேலாளர் நிரல் இயங்குதளம் எழுந்த பிறகுதான் வேலைக்கு வரும். அதுவரை அந்தத் திரைகள் இருட்டு. தினமும் மூடியைத் திறந்து கடவுச்சொல் அடித்து மறுபடி மூட வேண்டுமென்றால் டாக் எதற்கு?

தெரிந்த பதிப்பகம் ஒன்றில் அவ்வகை யூஎஸ்பி டாக் ஒன்றோடு வேலை பார்த்திருக்கிறேன். அசையாத பக்கத்தைப் படிக்கும்வரை குறையே இல்லை. பிடிஎஃப் பக்கங்களை வேகமாக உருட்டினால் செயலியின் பயன்பாடு ஏறும், விசிறி சத்தம் போடும். இரண்டு கருக்கள் (கோர்) மட்டுமே உள்ள 2012 செயலிக்கு அந்தச் சுமையைத் தூக்கி வைக்க எனக்கு மனமில்லை. அதே பதிப்பகத்தில் புதிய இயந்திரத்தில் அதே டாக் சலனமில்லாமல் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மினி டாக் பிளஸின் பின்புறத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இரண்டு டிஸ்ப்ளேபோர்ட், இரண்டு டிவிஐ, ஒரு விஜிஏ என்று பார்த்தவுடன் ஐந்து திரை மாட்டலாம் என்று தோன்றும். முடியாது. டிவிஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் ஜோடி ஜோடியாக ஒரே தடத்தைப் பகிர்கின்றன. ஒரு ஜோடியில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வரம்பு டாக்குடையதல்ல, கணினியுடையது. டி430-இல் உள்ள எச்டி 4000 கிராபிக்ஸ் ஒரே நேரத்தில் மூன்று திரைகளை ஓட்டும். முந்தைய டி420-இன் எச்டி 3000 இரண்டோடு நின்றுவிடும். டி420-க்கு இதே டாக் பொருந்தும் என்பதால் மூன்று திரைக் கனவோடு வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

டி430-இன் மூன்றும்கூட நிபந்தனையோடு வருகிற மூன்றுதான். படங்களை வெளியேற்றும் மூன்று குழாய்களில் இரண்டாவதும் மூன்றாவதும் தரவு செல்லும் ஒரே நான்கு இழைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கடிகாரச் சுற்றுகள் இரண்டே இருப்பதால் மூன்றில் இரண்டு திரைகள் ஒரே கடிகாரத்தைப் பகிர வேண்டியும் வரலாம். ஒரே மாதிரித் திரைகள் இரண்டு வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. நான் மூடியை மூடி, உள்திரையை அணைத்து, இரண்டு வெளித்திரைகளை மட்டும் ஓட்டுகிறேன். அப்போது இழைகளுக்குச் சண்டையில்லை.

தெளிவுத்திறனைப் பொறுத்தவரை டிவிஐ வழியே 1920க்கு 1200 வரைதான். 2560க்கு 1440 திரை வைத்திருப்பவர்கள் கட்டாயம் டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்ட வேண்டும். அது 2560க்கு 1600 வரை 60 ஹெர்ட்ஸில் தரும். 4கே திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்ட இந்தக் கணினியால் ஆகாது. எந்த டாக் வாங்கினாலும் அந்தச் சில்லால் ஆகாது. என் திரைகளில் ஒன்று 1440, டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கிறது. செங்குத்தாகத் திருப்பி வைத்த மற்றது 1080, டிவிஐயில். டாக்கில் எச்டிஎம்ஐ கிடையாது. உங்கள் திரையில் எச்டிஎம்ஐ மட்டும்தான் என்றால் டிவிஐயிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண கேபிள் போதும், இடையில் மாற்றி எதுவும் வேண்டாம். ஒரு வேடிக்கை: டாக்கின் டிவிஐயில் மாட்டிய திரையை லினக்ஸ் எச்டிஎம்ஐ என்று பெயரிட்டுக் காட்டும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

மூடியை மூடினால் கணினி தூங்கிவிடுமே என்று பலர் கேட்கிறார்கள். பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பயன்படுத்தும் லினக்ஸ் வினியோகங்களில் இதற்குத் தனி ஏற்பாடே இருக்கிறது. கணினி டாக்கில் இருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட திரைகள் இணைந்திருந்தாலோ மூடியைப் பொருட்படுத்தாதே என்பதுதான் லாகின்ட் சேவையின் இயல்பு அமைப்பு. உங்கள் மேசைச் சூழலின் மின்மேலாளர் குறுக்கே புகுந்து தூங்க வைத்தால் அதன் அமைப்பை மட்டும் மாற்றினால் போதும். திரைகள் இடவலம் மாறாமல் இருக்க ஆட்டோரேண்டர் என்ற சிறு நிரலைப் பயன்படுத்துகிறேன். எந்தெந்தத் திரை இணைந்திருக்கிறது என்று பார்த்துப் பழைய அடுக்கைத் தானே கொண்டுவந்துவிடும். இதுவும் டாக்குக்குத் தேவை என்பதால் அல்ல, செங்குத்துத் திரை ஒன்று இருப்பதால்.

நெட்வொர்க் துளை கணினியின் சொந்த இன்டெல் சில்லையே பயன்படுத்துகிறது. அதனால் நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் மேக் முகவரி மாறுவதில்லை. ரூட்டரில் இந்தக் கணினிக்கென்று ஒதுக்கிய முகவரி டாக்கிலும் அப்படியே கிடைக்கிறது. யூஎஸ்பி டாக்குகளில் பெரும்பாலும் ரியல்டெக் சில்லு இருக்கும். லினக்ஸில் அதுவும் தடையின்றி ஓடும், ஆனால் வேறு முகவரியோடு வரும். ஒலியும் இங்கே சிக்கலில்லை. இந்தக் கணினியும் இந்த டாக்கும் சேர்ந்தால் ஒலித்துளைகள் எங்கே போகின்றன என்ற குறிப்பைக் கெர்னலின் ஒலி டிரைவரிலேயே யாரோ புண்ணியவான் எழுதி வைத்திருக்கிறார். ஹெட்போன் மாட்டினால் சத்தம் டாக்குக்கு வருகிறது.

இனி குறைகள். என் டாக்கின் ஆறு யூஎஸ்பி துளைகளும் 2.0 வகை. விசைப்பலகைக்கும் எலிக்கும் பிரிண்டருக்கும் அது தாராளம். காப்புப்பிரதி எடுக்கும் வெளி வன்தட்டுக்கு ஆமை வேகம். வன்தட்டைக் கணினியின் பக்கவாட்டில் உள்ள 3.0 துளையில் நேரடியாகச் செருகுகிறேன். 3.0 துளைகளோடு வந்த மாறுபாடுகளும் இந்த வரிசையில் உண்டு. கிடைத்தால் அதையே எடுங்கள், துளைக்குள் நீல நிறம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். டாக்கில் ஏற்றியபின் கணினி முன்பக்கம் சரிந்து நிற்கும். அந்த விசைப்பலகையில் தட்டச்சு செய்தால் மணிக்கட்டு வலிக்கும். டி430-ஐ அதன் விசைப்பலகைக்காகவே வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சற்றுக் கொடுமை. வெளி விசைப்பலகைக்கும் பணம் எடுத்து வையுங்கள். கழற்றும் முன் டாக்கில் செருகிய சேமிப்பகங்களை முறையாக விடுவிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வாங்கிய கதைக்கு வருகிறேன். வீடு திருவல்லிக்கேணி என்பதால் ரிச்சி தெரு நடை தூரம். மாலையில் போகாதீர்கள், நிற்கக்கூட இடமிருக்காது, கடைக்காரருக்குச் சோதித்துக் காட்டப் பொறுமையும் இருக்காது. காலையில் கடை திறந்த சற்று நேரத்தில் போனால் பேச்சுக்கு ஆள் கிடைப்பார். மாடியில் உள்ள ஒரு கடை, அலுவலகங்கள் கழித்த பொருள்களை மொத்தமாக எடுத்து விற்பது. கேட்டவுடன் அந்த இளைஞர் கண்ணாடி அலமாரியிலிருந்து புதிய யூஎஸ்பி டாக் ஒன்றை எடுத்தார்.

"இதை எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, எந்த லேப்டாப்பிலும் ஓடும். அந்தப் பழையதை யார் வாங்குகிறார்கள்?"

"லினக்ஸில் ஓடுமா தம்பி?"

"அதெல்லாம் ஓடும் அக்கா, டிரைவர் மட்டும் போட வேண்டும்."

அந்த 'மட்டும்' எனக்குப் போதுமானதாக இருந்தது. பழையதையே கேட்டேன். உள்ளே போய் அட்டைப்பெட்டி நிறைய டாக்குகளைத் தூக்கி வந்து கொட்டினார். "நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்."

பொறுக்குவதற்கு வழி இருக்கிறது. முதலில் கணினியோடு இணையும் மேல் இணைப்பியைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு தகடு வளைந்திருந்தாலும் அந்த டாக் வேண்டாம். இரு பக்கமும் உள்ள வழிகாட்டி முனைகள் ஆடக்கூடாது. விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் கொக்கிகள் முழுதாகத் திரும்ப வேண்டும். இந்த மாடலில் சாவிப் பூட்டும் உண்டு. பழைய பொருளோடு சாவி வருவது அபூர்வம். பூட்டிய நிலையில் இருக்கும் டாக்கில் கணினியை வைத்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு, ஆகவே பூட்டு திறந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கணினியை ஏற்றிக் கடையிலிருக்கும் திரையை ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். நான் முதலில் எடுத்ததில் ஒரு டிவிஐ செத்துக் கிடந்தது. இளைஞர் முணுமுணுக்காமல் அடுத்ததை எடுத்துக் கொடுத்தார். கேபிளையும் கணினியையும் கையோடு கொண்டுபோயிருந்ததால் வீண் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. 2,500-இல் தொடங்கியவர் 1,800-க்கு இறங்கினார்.

அந்த விலையில் அடாப்டர் சேராது, கவனியுங்கள். டாக்குக்குத் தனி மின்சாரம் வேண்டும். அதுவே கணினியையும் மின்னேற்றும். நடுவில் முள்ளுள்ள உருண்டை முனை, 20 வோல்ட், 90 வாட். டி430-இன் 65 வாட் அடாப்டரும் அதே முனைதான், ஆனால் டாக்கோடு சேர்த்து இழுக்க அதற்குத் தெம்பு போதாது. நடு முள்தான் அடாப்டர் எத்தனை வாட் என்பதைக் கணினிக்குச் சொல்கிறது. தெருவில் விற்கும் போலி அடாப்டர்களில் 90 என்று அச்சிட்டிருப்பார்கள். எடைக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கையில் தூக்கிப் பாருங்கள். பழையதாக இருந்தாலும் அசல் அடாப்டரே மேல்.

இந்த டாக் டி430-க்கு மட்டுமல்ல. டி410, டி420, டி510, டி520, டி530, எக்ஸ்220, எக்ஸ்230 ஆகியவற்றுக்கும் பொருந்தும். டபிள்யூ520 வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்குமுன் நிதானிக்க வேண்டும். அதற்கு 170 வாட் அடாப்டரோடு வரும் வகை வேண்டும் என்பது ஒன்று. மற்றது, அந்த மாடலில் டாக்கின் டிஜிட்டல் வெளியீடுகள் இன்டெல்லுக்குப் பதிலாக என்விடியா சில்லோடு இணைந்திருக்கின்றன. அந்தத் தலைமுறை ஃபெர்மி சில்லுகளுக்கான என்விடியாவின் 390 வரிசை டிரைவருக்கு 2022 இறுதியோடு ஆதரவு நின்றுபோனது. மீதி இருப்பது நூவோ என்ற திறந்த மூல டிரைவர். படத்தை வரைவது யார் என்ற கேள்வி இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. டாக் அதே டாக்தான், ஆனால் ஒயரின் மறுமுனையில் இருப்பது வேறு ஆள்.

டெல் லாட்டிடியூட் இ வரிசை வைத்திருப்பவர்களுக்கு இதே போன்றது இ-போர்ட் பிளஸ். பிஆர்02எக்ஸ் என்ற எண்ணைத் தேடுங்கள். அதுவும் இரண்டு டிவிஐ, இரண்டு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு விஜிஏ. எச்பி எலைட்புக் 820, 840 வரிசையில் ஜி1 முதல் ஜி4 வரை பக்கவாட்டில் சேரும் அல்ட்ராஸ்லிம் டாக் உண்டு. திங்க்பேட் டி440, டி450, டி460-க்கு அல்ட்ரா டாக். இணைப்பி வேறு, அடாப்டர் முனையும் வேறு. அந்த டாக்குக்குள் ஒரே டிஸ்ப்ளேபோர்ட் தடத்தில் பல திரைகளை ஓட்டும் எம்எஸ்டி என்ற பகிர்வு முறையும் வந்துவிடுகிறது. இன்டெல் சில்லுகளுக்கான எம்எஸ்டி ஆதரவு கெர்னலில் 2014-இல், 3.17 பதிப்பில் சேர்ந்தது. இன்றைய எந்த வினியோகத்திலும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

டைப்-சி காலத்துப் பழைய கணினிகள், அதாவது 2017-இன் டி470, 2018-இன் டி480 போன்றவை, வேறு கணக்கு. அவற்றில் அந்தச் சிறு துளை வழியே டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞையே வெளியே வருகிறது. வரைவது மறுபடியும் கணினியின் சில்லுதான், ஆகவே என் கட்சி. ஆனால் சாதாரண டைப்-சி டாக், யூஎஸ்பி 3 தரவுக்கு இரண்டு இழைகளை எடுத்துக்கொண்டு மீதி இரண்டைத்தான் படத்துக்குத் தரும். அந்தக் கணினிகளில் அது 8.64 ஜிகாபிட். 1080 திரைகள் இரண்டு தாராளமாக ஓடும்; 1440 திரை ஒன்று ஓடும், இரண்டு ஓடாது; 4கே என்றால் 30 ஹெர்ட்ஸில் இழுக்கும். அதே வடிவத் துளையில் செருகும், வேகம் கூடிய தண்டர்போல்ட் 3 டாக்கில் இந்த நெருக்கடி இல்லை. லினக்ஸில் போல்ட் என்ற சேவை வழியாக ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் போதும். இந்த வகை டாக்குகளுக்குள் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் ஓடுவதால், அதை லினக்ஸிலிருந்தே புதுப்பிக்க முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது. டெல் டபிள்யூடி19-உம் லெனோவோவின் திங்க்பேட் டைப்-சி டாக் ஜென் 2-உம் அப்படிப்பட்டவை. எஃப்டபிள்யூயூபிடி கருவி இரண்டையும் அடையாளம் கண்டுகொள்ளும்.

கடைசியில் ஒரு கூட்டம் மிஞ்சுகிறது: அடியில் இணைப்பியும் இல்லை, டைப்-சியும் இல்லை, வீட்டுப் பயன்பாட்டுக்கென்று வந்த பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு நான் டாக் வாங்கச் சொல்ல மாட்டேன். எச்டிஎம்ஐயில் ஒரு திரை, விஜிஏ இருந்தால் அதில் இன்னொன்று. மின்னிணைப்போடு வரும் ஒரு நல்ல யூஎஸ்பி ஹப்பில் விசைப்பலகை, எலி, நெட்வொர்க். செருகப் பிடுங்க மூன்று நான்கு ஒயர்கள் இருக்கும், இருக்கட்டும். இரண்டாவது திரைக்குத் துளையே இல்லை, அதில் ஓடப்போவது வெறும் எழுத்துதான் என்றால் பழைய யூஎஸ்பி 2.0 டிஸ்ப்ளேலிங்க் மாற்றி ஒன்றைத் தேடலாம். அந்தத் தலைமுறைச் சில்லுகளுக்கு யூடிஎல் என்ற டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது; மூடிய நிரல் எதுவும் வேண்டாம். படம் பார்க்க லாயக்கில்லை, மெய்ப்புப் பார்க்க லாயக்கு.

மினி டாக் பிளஸுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். 3.0 துளையும் சாவியும் அசல் அடாப்டரும் சேர்ந்து வந்தால் 3,000 வரை போகலாம். சாவி வந்தால் அதைப் பத்திரமாக வைப்பதற்கு முன் பூட்டில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். என் டாக்கோடு வந்த சாவி வேறு டாக்குடையது.